புயலுக்குப் பின் நாற்பது ஆண்டுகள்

தமிழ்ச் சபைகளின் எழுப்புதல் கூட்டங்களில் ஜான் நியூட்டனின் கதை அடிக்கடி வரும். அடிமைகளை ஏற்றிச்சென்ற கப்பலின் தலைவன், நடுக்கடலில் புயல், உயிர்ப் பயத்தில் கடவுளைக் கூப்பிட்டான், பிழைத்தான், அந்தக் கணமே மனம் மாறி அடிமை வாணிகத்தைக் கைவிட்டான், பிறகு ‘அமேசிங் கிரேஸ்’ என்று உலகமெங்கும் பாடப்படும் பாட்டை எழுதினான். கப்பலைத் திருப்பிக்கொண்டுபோய் அடிமைகளை ஆப்பிரிக்கக் கரையிலேயே இறக்கிவிட்டான் என்று சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு.

புயல் உண்மை. மனமாற்றமும் உண்மை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் புயலின்போது நியூட்டன் கப்பல் தலைவர் அல்ல, பயணி. அது அடிமைக் கப்பலும் அல்ல. அடிமைக் கப்பலுக்கு அவர் தலைவரானது புயலுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. அந்தத் தொழிலைக் கண்டித்து அவர் நூல் எழுதி வெளியிட்டது நாற்பது ஆண்டுகள் கழித்து. கிறிஸ்தவ விசுவாசம் மனிதனை நிலையாக மாற்றுகிறது, விடுதலை தருகிறது என்று சொல்பவர்கள் இந்த நாற்பது ஆண்டுகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதெல்லாம் வெறும் பேச்சு என்று ஒதுக்குபவர்களுக்கும் இதே நாற்பது ஆண்டுகள் தொல்லைதான். ஏனென்றால் கடைசியில் அவர் மாறத்தான் செய்தார். அந்த மாற்றம் நிலைக்கவும் செய்தது.

நியூட்டன் 1725-இல் லண்டனில், தேம்ஸ் கரையிலுள்ள வாப்பிங்கில் பிறந்தார். தந்தை வணிகக் கப்பல் தலைவர். வேதப் பாடமும் ஞானப்பாட்டும் சொல்லிக்கொடுத்த தாய், மகனுக்கு ஏழு வயது நிறைவதற்குள் காசநோயில் இறந்துபோனார். பதினொரு வயதில் கடலுக்குப் போன பையன் பதினெட்டு வயதில் கட்டாய ஆள்பிடிப்பில் சிக்கி ‘ஹார்விச்’ என்ற போர்க்கப்பலில் சேர்க்கப்பட்டான். அங்கிருந்து தப்பி ஓடிப் பிடிபட்டு, எல்லார் முன்னிலையிலும் கசையடி வாங்கினான். பிறகு மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போகும் கப்பலுக்கு மாற்றப்பட்டு, சியரா லியோனை ஒட்டிய பிளாண்டைன் தீவுகளில் ஒரு வெள்ளை அடிமை வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்தான். அந்த வீட்டில் நோயாகக் கிடந்தபோது சோறு தண்ணீர்கூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அங்கே சங்கிலியில் கிடந்த அடிமைகளே தங்கள் பங்கிலிருந்து அவனுக்கு இரகசியமாகக் கொடுத்தார்கள் என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். அந்த நாட்களில் அவனிடம் இருந்த ஒரே புத்தகம் யூக்ளிடின் வடிவியல். கடற்கரை மணலில் குச்சியால் கோடு கிழித்து அதைப் படித்து முடித்தான்.

தந்தை சொல்லியனுப்பியதன் பேரில் ‘கிரேஹவுண்ட்’ என்ற கப்பல் அவனைத் தேடிப்பிடித்து ஏற்றிக்கொண்டது. சரக்கு பொன், தந்தம், சாயமரம், தேன்மெழுகு. அந்தக் கப்பலில் அவன் வாய்க்குப் பேர்போனவன். மாலுமிகளே காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குக் கடவுளை வைவான். 1748 மார்ச் 21, அன்றைய இங்கிலாந்துக் கணக்கில் மார்ச் 10, அதிகாலையில் வட அட்லாண்டிக்கில் அலை மோதி மேல்பக்கத்துப் பலகைகள் பெயர்ந்தன. மேல்தளத்துக்கு ஏறிக்கொண்டிருந்தவனைக் கத்தி எடுத்துவரச் சொல்லித் தலைவர் கீழே அனுப்பினார். அவனுக்குப் பதிலாக மேலே போன ஆளை அலை அடித்துக்கொண்டு போனது. விடியற்காலையிலிருந்து நண்பகல்வரை தண்ணீர் இறைத்தான். பிறகு நள்ளிரவுவரை சுக்கான் பிடித்தான். மெழுகும் மரமும் தண்ணீரைவிட லேசானவை என்பதால்தான் கப்பல் மூழ்கவில்லை என்று அவரே காரணமும் சொல்கிறார். இந்த மனிதரிடம் எனக்குப் பிடித்த குணம் இது. அற்புதத்தைச் சொல்லும்போது சரக்குப் பட்டியலை மறப்பதில்லை.

இறைத்துக்கொண்டிருந்தபோது, இதுவும் பலிக்காவிட்டால் ஆண்டவர்தான் இரங்க வேண்டும் என்று வாய்தவறி ஒரு பேச்சு வந்தது. தனக்கு இரக்கம் கேட்க என்ன உரிமை என்று அந்தச் சொல்லே திரும்பிக் கேட்டது. நான்கு வாரம் தத்தளித்து அயர்லாந்தின் லோக் ஸ்வில்லிக்கு வந்துசேர்ந்தபோது கடைசி உணவு பானையில் வெந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து வாயில் வசை வரவில்லை. சாகும்வரை ஒவ்வொரு மார்ச் 21-ஆம் தேதியையும் ஜெபத்தோடும் தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பதோடும் கழித்தார்.

சாட்சி வழக்கமாக இந்த இடத்தில் முடிந்துவிடும். நியூட்டனின் வாழ்க்கை முடியவில்லை. அதே ஆண்டிலேயே ‘பிரவுன்லோ’ என்ற அடிமைக் கப்பலில் துணை அதிகாரியாகப் போனார். ஆப்பிரிக்கக் கரையை எட்டியதும் பழைய ஆளாக, சில விஷயங்களில் பழையதைவிட மோசமாக ஆனதாக ஒப்புக்கொள்கிறார். அதே பிளாண்டைன் தீவுகளில் காய்ச்சலில் விழுந்தபோது மறுபடியும் திரும்பினார். 1750-இல் நெடுநாள் காதலித்த மேரி காட்லெட்டை மணந்தார். அந்த ஆகஸ்டில் ‘டியூக் ஆஃப் ஆர்கைல்’ கப்பலின் தலைவராக லிவர்பூலிலிருந்து புறப்பட்டார். வயது இருபத்தைந்து.

அந்தப் பயணத்திலிருந்து 1754 வரை அவர் எழுதிய கப்பல் நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது, 1962-இல் அச்சேறியது. காற்று, நீராழம், நங்கூரம், யாரிடமிருந்து எத்தனை பேர் வாங்கப்பட்டார்கள், தச்சர் அடித்தளத்தில் எப்படித் தடுப்பறைகள் அமைக்கிறார் என்று வரிசையாக வரும். இறந்த அடிமைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ‘ஆஃப்ரிகன்’ என்ற அடுத்த கப்பலில், 1752 டிசம்பரில், அடிமைகள் கலகத்துக்குத் திட்டமிட்டது வெளிப்பட்டது. அதற்கு உதவிய சிறுவர்களை விலங்கிட்டு, உண்மையை வரவழைக்கக் கட்டைவிரல் நெரிக்கும் திருகை இலேசாகப் பயன்படுத்தியதாகக் குறித்திருக்கிறார். இலேசாக என்பது அவர் போட்ட அடைமொழி. அதே கப்பலில் ஞாயிறுதோறும் மாலுமிகளுக்கு ஆராதனை நடத்தினார். மனைவிக்கு எழுதிய கடிதங்களில் பக்தி பொங்கி வழிகிறது. மூன்றாவது பயணத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பதற்காக லிவர்பூல் ஆலயத்தில் நன்றி செலுத்தினார்.

இதைப் படித்ததும் வேஷக்காரர் என்று சொல்லத் தோன்றும். வேஷக்காரர் என்றால் கதை எளிது. ஆனால் நாட்குறிப்பையும் கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒளிப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை என்பது புரியும். தப்பு என்று தெரிந்தால்தானே மறைக்கத் தோன்றும்? தாம் ஒரு சிறைக்காவலர்போல இருக்கிறோமே, எப்போதும் சங்கிலியும் பூட்டுமாக இருக்கிறதே என்ற அருவருப்பு அவ்வப்போது வந்ததாகவும், இதைவிட மனிதத்தன்மையுள்ள தொழில் கிடைக்க ஜெபித்ததாகவும் பின்னர் எழுதுகிறார். அது தொழில் பிடிக்காதவனின் ஜெபம். குற்றம் செய்தவனின் ஜெபம் அல்ல. 1754 நவம்பரில் நான்காவது பயணத்துக்குக் கப்பலேற இரண்டே நாள் இருக்கும்போது, மனைவியோடு தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர் வலிப்பு வந்து விழுந்தார். கடலுக்குப் போகக்கூடாது என்றார்கள் மருத்துவர்கள். அப்படித்தான் அந்தத் தொழில் அவரை விட்டது. அவர் அதை விடவில்லை.

*

எந்தச் சபையிலும் எழுதப்படாத ஒரு பாவப் பட்டியல் உண்டு. நியூட்டன் காலத்துப் பக்திமான்களின் பட்டியலில் வசைச்சொல், குடி, சூது, விபசாரம், ஓய்வுநாளை மீறுவது எல்லாம் இருந்தன. மனிதரை விலைக்கு வாங்கி விற்பது இல்லை. பட்டியலில் இருந்த எல்லாவற்றிலிருந்தும் நியூட்டனுக்கு விடுதலை கிடைத்தது, அது நிலைத்தும் நின்றது. பட்டியலில் இல்லாததை அவர் பாவம் என்று ஜெபத்தில்கூடக் கொண்டுவரவில்லை. நம் ஊரில் குடியை விட்டவர், பீடியை விட்டவர், சீட்டாட்டத்தை விட்டவர் சாட்சி சொல்வதைக் கேட்டிருக்கிறோம். வரதட்சணையைத் திருப்பிக் கொடுத்த சாட்சியை எத்தனை பேர் கேட்டிருப்போம்?

சபையே பட்டியலைத் திருத்தும் என்று எதிர்பார்க்கவும் வழியில்லை. பார்படோஸ் தீவில் கிறிஸ்டபர் கோட்ரிங்டன் உயில் எழுதிவைத்த கரும்புத் தோட்டங்கள், 1710-இல் அவர் இறந்தபின், அடிமைகளோடு சேர்த்து, எஸ்.பி.ஜி. என்ற ஆங்கில மிஷன் சங்கத்துக்குப் போயின. தஞ்சாவூரிலும் திருநெல்வேலிச் சீமையிலும் பிற்காலத்தில் பள்ளியும் ஆலயமும் கட்டிய அதே எஸ்.பி.ஜி.தான். தொடக்க ஆண்டுகளில் அந்தத் தோட்டத்து அடிமைகளின் மார்பில் ‘சொசைட்டி’ என்று சூடு போடப்பட்டது. அடிமை முறையைச் சட்டம் ஒழிக்கும்வரை அந்தத் தோட்டங்கள் அடிமைகளைக் கொண்டே நடந்தன. இங்கிலாந்துத் திருச்சபை இதற்காக மன்னிப்புக் கேட்டது 2006-இல்.

காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. நியூஜெர்சியில் ஜான் உல்மன் என்ற குவேக்கர் சபை இளைஞர் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். 1742 வாக்கில் முதலாளி தம்மிடமிருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை விற்க, விற்பனைப் பத்திரத்தை எழுதச் சொன்னார். எழுதிவிட்டார். ஆனால் கை கூசியது. இது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று முதலாளியிடமும் வாங்கியவரிடமும் அப்போதே சொன்னார். அடுத்த தடவை வேறொருவர் கேட்டபோது எழுத மறுத்துவிட்டார். பிறகு முப்பது ஆண்டுகள் ஊர் ஊராகப் போய், அடிமை வைத்திருந்த குவேக்கர் வீடுகளில் உட்கார்ந்து நயமாகப் பேசியே பலரை மாற்றினார். லண்டன் குவேக்கர்கள் 1761-இல் அடிமை வாணிகம் செய்பவர்களைச் சபையிலிருந்து நீக்க முடிவெடுத்தார்கள். நியூட்டன் கப்பலை விட்டு ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஜான் வெஸ்லி அடிமை முறையைக் கண்டித்துச் சிறுநூல் வெளியிட்டது 1774-இல். அவரோடு நியூட்டனுக்குப் பழக்கமும் உண்டு.

நியூட்டன் வாய் திறக்கவில்லை. கப்பலை விட்டபின் லிவர்பூலில் சுங்க அதிகாரியாக இருந்துகொண்டே கிரேக்கமும் எபிரேயமும் படித்தார். 1764-இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்ற சிற்றூருக்குப் போனார். அந்த ஆண்டே தம் வாழ்க்கைச் சாட்சியைக் கடித வடிவில் நூலாக வெளியிட்டார். புயல் அதில் இருக்கிறது. வசையும் இருக்கிறது, காமமும் இருக்கிறது. தாம் ஏற்றிச்சென்ற மனிதர்களைப் பற்றிய குற்றவுணர்வு மட்டும் இல்லை. அந்தத் தொழிலில் இருந்தபோது அது முறைதானா என்ற ஐயம் தமக்குத் துளியும் எழவில்லை என்று அதிலேயே வெளிப்படையாக எழுதுகிறார். உலகப் புகழ்பெற்ற அந்தப் பாட்டும் இந்தக் காலத்ததே. 1773 ஜனவரி 1 ஆராதனைக்காக, 1 நாளாகமம் 17-ஆம் அதிகாரத்தில் தாவீது தன்னைத் தாழ்த்தி ஜெபிக்கும் பகுதியை ஒட்டி எழுதியது. இன்று நாம் அறிந்த மெட்டு அதோடு சேர்ந்தது 1835-இல், அமெரிக்காவில். அடிமை வாணிகத்துக்காக வருந்தி எழுதிய பாட்டு என்று இப்போது சொல்லப்படுகிறது. எழுதிய நாளில் அவர் மனதில் அது இருந்ததாக எந்தச் சான்றும் இல்லை.

அந்த ஜனவரியில் ஓல்னியில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் ஆய்வு ஒருதலைப்பட்சமாகிவிடும். நியூட்டனின் அண்டை வீட்டுக்காரர், அவரோடு சேர்ந்து ஞானப்பாட்டுகள் எழுதியவர், கவிஞர் வில்லியம் கூப்பர். நியூட்டனைவிட ஆழமான விசுவாசி என்றுகூடச் சொல்லலாம். அந்த மாதம் பழைய மனநோய் திரும்பியது. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று உறுதியாக நம்பினார்; தற்கொலைக்கும் முயன்றார். நியூட்டன் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துவந்து ஓராண்டுக்கும் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். விசுவாசக் குறைவு என்று கடிந்துகொள்ளவில்லை. தோட்டத்தில் கூடவே நடந்தார், கூடவே உட்கார்ந்தார். கூப்பர் அதற்குப் பிறகு இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார், நல்ல கவிதைகள் எழுதினார், ஆனால் அந்தப் பயம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. ஒரே ஊர், ஒரே ஆலயம், ஒரே பாட்டுப் புத்தகம். ஒருவருக்கு நிம்மதி, இன்னொருவருக்கு இருட்டு. ‘இயேசுவிடம் வந்தால் மனச்சோர்வு பறந்துவிடும்’ என்று உறுதி கொடுப்பவர்கள் கூப்பரைப் படிக்க வேண்டும். அவருக்காக நியூட்டன் செலவிட்ட அந்த ஓராண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கடலில் மனிதர்களை எண்ணிட்டு அடைத்தவர் ஒரு நோயாளிக்காகத் தம் வீட்டையே கொடுத்தார் என்பது மாற்றம் இல்லாமல் வேறென்ன?

*

இதே காலத்தில் சங்கிலியின் மறுமுனையில் இருந்த ஒருவரும் விசுவாசத்துக்கு வந்து சாட்சி எழுதியிருக்கிறார். ஒலாடா எக்குவியானோ. இக்போ நாட்டில் பிறந்து சிறுவயதில் கடத்தப்பட்டவர் என்று தம் நூலில் சொல்கிறார். அவர் பிறந்தது கரோலினாவில் என்று காட்டும் ஞானஸ்நானப் பதிவும் கடற்படைப் பதிவும் இருப்பதால் ஆய்வாளர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. பாஸ்கல் என்ற கடற்படை அதிகாரியின் அடிமையாக இருந்தபோது, 1759-இல் லண்டனில் ஞானஸ்நானம் பெற்றார். அது விடுதலை தரும் என்று நம்பினார். பாஸ்கல் அவரை மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் கப்பல் தலைவரிடம் விற்றுவிட்டார். அந்தத் தலைவர் மான்ட்செராட் தீவில் ராபர்ட் கிங் என்ற குவேக்கர் வணிகருக்கு விற்றார். குவேக்கரும் அடிமை வாங்கியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். உல்மன்கள் எல்லா ஊரிலும் இல்லை.

கையில் மூன்று பென்ஸ் இருந்தபோது, கப்பல் வேலையாக ஒரு தீவுக்குப் போன இடத்தில் எக்குவியானோ ஒரு கண்ணாடிக் குவளை வாங்கினார்; திரும்பி வந்து இரட்டிப்பு விலைக்கு விற்றார். அடுத்த முறை இரண்டு குவளைகள். பிறகு ஒரு ஜாடி மது. வழியில் வெள்ளையர்கள் பிடுங்கிக்கொண்டது போக மிஞ்சியதைச் சேர்த்துச் சேர்த்து, 1766 ஜூலையில் நாற்பது பவுனை முதலாளி முன் வைத்தார். இவ்வளவு சீக்கிரம் சேர்ப்பான் என்று தெரிந்திருந்தால் வாக்குக் கொடுத்திருக்க மாட்டேன் என்று முதலாளி தயங்கினார். கப்பல் தலைவர் குறுக்கிட்டுப் பேசியதால் பத்திரம் எழுதப்பட்டது.

கிறிஸ்து தந்த விடுதலை என்று இதைச் சொல்ல முடியாது. இது குவளை வியாபாரம் தந்த விடுதலை. எக்குவியானோவே அப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறார். மனம் அமைதி அடையாதது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. 1773-இல் பிப்ஸ் தலைமையிலான வடதுருவப் பயணத்தில் பனிப்பாறைகளுக்கு நடுவே கப்பல் சிக்கியபோது சாவுக்கு அஞ்சினார். லண்டன் திரும்பி ஆலயம் ஆலயமாக அலைந்தார். அடுத்த ஆண்டு, விடுதலையான கறுப்பினத்தவரான ஜான் ஆனிஸ் என்ற நண்பரைப் பழைய முதலாளி லண்டனிலேயே கடத்திக் கப்பலேற்றிவிட்டார். எக்குவியானோ வழக்குரைஞரைப் பிடித்தார், அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட கிரான்வில் ஷார்ப்பிடம் ஓடினார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனிஸ் செயின்ட் கிட்ஸ் தீவில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார். நீதியே இல்லாத உலகில் எதற்கு இருக்க வேண்டும் என்ற நிலையில், 1774 அக்டோபரில் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தில், கப்பல் அறையில் அப்போஸ்தலர் நடபடிகள் நான்காம் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது விசுவாசம் அவரைப் பிடித்துக்கொண்டது. சட்டப் பத்திரம் எட்டு ஆண்டுகளாகக் கையில் இருந்தும் கிடைக்காத ஒன்று அப்போது கிடைத்தது என்று எழுதுகிறார். அதை நம்பாமலிருக்க எனக்குக் காரணமில்லை.

அதற்கு அடுத்து நடந்ததுதான் என்னை உலுக்கியது. டாக்டர் இர்விங் என்ற பழைய முதலாளி மத்திய அமெரிக்காவின் மொஸ்கிட்டோ கரையில் தோட்டம் போடக் கிளம்பினார். எக்குவியானோ உடன் போனார். ஜமைக்காவில் ஒரு கப்பலுக்குள் இறங்கி, தோட்டத்துக்கு வேண்டிய அடிமைகளைத் தம் கையால் தேர்ந்தெடுத்து வாங்க உதவினார். எல்லாரும் தம் நாட்டவர்கள் என்று குறிக்கிறார். அவர்களை நன்றாகவே நடத்தினார், 1776-இல் விலகினார். அவருக்குப் பிறகு வந்த மேற்பார்வையாளரின் கொடுமை தாங்காமல் அவர்கள் படகில் ஏறித் தப்பப் பார்த்து, செலுத்தத் தெரியாமல் மூழ்கி இறந்தார்கள். இதையெல்லாம் அவர் மறைக்கவில்லை. அடிமையாக இருந்தவர், விசுவாசத்துக்கு வந்தவர், இரண்டும் சேர்ந்த ஒருவருக்கே அந்தப் பட்டியல் திறக்கவில்லை என்றால், நியூட்டனை மட்டும் தனியாக நிறுத்திக் கல்லெறிய முடியாது.

*

1785 டிசம்பரில் ஒரு மாலை, ஓல்னியிலிருந்து அதற்குள் லண்டனுக்கு வந்துவிட்டிருந்த நியூட்டனின் வீட்டுக்கு இருபத்தாறு வயது நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இரகசியமாக வந்தார். உள்ளே போக மனம் வராமல் சதுக்கத்தை ஓரிரு முறை சுற்றியதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். வில்லியம் வில்பர்ஃபோர்ஸ், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர். அரசியலை விட்டு ஊழியத்துக்குப் போகலாமா என்று குழம்பிக்கொண்டிருந்தார். இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்பதே நியூட்டனின் அறிவுரையாக இருந்தது. 1787 மே மாதம் அடிமை வாணிக ஒழிப்புச் சங்கம் லண்டனில் அமைந்தது. தொடங்கிய பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் குவேக்கர்கள். அதன் சார்பில் தாமஸ் கிளார்க்சன் துறைமுகம் துறைமுகமாகப் போய் மாலுமிகளிடம் வாக்குமூலம் சேகரித்துக்கொண்டிருந்தார். கப்பல் தலைவராகவே இருந்து பார்த்த ஒருவர் பேசினால் எதிர்த்தரப்பால் மறுக்க முடியாது. அப்படிப்பட்டவர் லண்டன் நகரின் மையத்தில் ஓர் ஆலயத்தில் பிரசங்கித்துக்கொண்டிருந்தார்.

1788-இல் நியூட்டன் ஆப்பிரிக்க அடிமை வாணிகம் பற்றிய தம் சிறுநூலை வெளியிட்டார். வயது அறுபத்திரண்டு. இந்த ஒப்புதல் உண்மையானதே என்றாலும், தாம் துணைபோன துயரத்தைத் தடுக்கவோ ஈடுசெய்யவோ முடியாதபடி தாமதமாகிவிட்டது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். முதல் வாதமாக எடுத்துக்கொள்வது ஆப்பிரிக்கரின் துயரத்தை அல்ல, அந்தக் கரையில் காய்ச்சலில் மடியும் ஆங்கில மாலுமிகளை. அவையறிந்த தந்திரம்; எனக்குக் கொஞ்சம் கசக்கிறது. இரண்டாவது வாதம் ஆழமானது: இந்தத் தொழில் செய்கிறவனின் நெஞ்சை மரத்துப்போகச் செய்கிறது. அழும் குழந்தையின் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று தாயின் கையிலிருந்து பிடுங்கிக் கடலில் எறிந்த கப்பல் அதிகாரி ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறார். ஏறக்குறைய ஐந்தடி உயரமே உள்ள தளத்துக்குள் பலகை போட்டு இரண்டு அடுக்காக மனிதரைக் கிடத்துவதை, புரண்டு படுக்க இடமில்லாமல் இருவரை ஒரே விலங்கில் பிணைப்பதை, அளவுகளோடு எழுதுகிறார். கட்டைவிரல் திருகில் மனிதர்கள் துடிப்பதைக் கண்டதாகவும் எழுதுகிறார். சிறுவர்களின் விரலில் தாமே அதை மாட்டவைத்தது நாட்குறிப்பில்தான் இருக்கிறது. இரண்டாவது சாட்சியும் முழுமையானதல்ல.

ஆனாலும் முதல் சாட்சியைத் திருத்தி எழுதிய சாட்சி அது. எத்தனை பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள்? முதல் நூலால்தான் அவருக்குப் புகழ், மேடை எல்லாம் கிடைத்தன. அந்த நூலில் கடவுளின் வழிநடத்துதலாகக் காட்டிய அதே ஆண்டுகளை இப்போது குற்றத்தின் ஆண்டுகளாக எழுதினார். நூல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்டது. 1790-இல் மக்களவைக் குழுமுன் நேரில் போய்ச் சாட்சி சொன்னார். இடையில், 1789-இல், எக்குவியானோவின் தன்வரலாறு வெளிவந்து அவர் வாழ்நாளிலேயே ஒன்பது பதிப்புகள் கண்டது. மொஸ்கிட்டோ கரையை மறைக்காத அந்த நூலே அடிமை வாணிகத்துக்கு எதிரான பெரிய ஆயுதமானது. ஒழிப்புச் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. கண்பார்வை போய்விட்டிருந்த நியூட்டன் அந்த டிசம்பரில் இறந்தார். சட்டத்துக்கு விசுவாசம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் வரலாறு சிரிக்கும். வரலாற்றாசிரியர் எரிக் வில்லியம்ஸ் 1944-இல், சர்க்கரைத் தோட்டங்களின் லாபநட்டத்தை வைத்து முன்வைத்த பொருளாதார விளக்கம் உண்டு. 1791-இல் ஹைத்தியில் அடிமைகளே எழுந்த புரட்சி உண்டு. ஆனால் நியூட்டன் என்ற தனிமனிதர் மாறியதற்கு அந்த விளக்கங்கள் போதாது. அறுபத்திரண்டு வயதுக் குருவானவருக்குச் சர்க்கரை விலையில் என்ன அக்கறை?

அவரை மாற்றியது என்ன என்று என்னைக் கேட்டால், புயலைவிட மார்ச் 21-ஐச் சொல்வேன். ஆண்டுதோறும் தன்னை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும் பழக்கம், நாட்குறிப்பு, நண்பர்களுக்கு எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்கள், கூப்பரோடு நடந்த நடை. இவை அவரைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கூசாத மனிதராக ஆக்கிவைத்திருந்தன. கிருபையால் மன்னிக்கப்பட்டவன் என்று நம்புகிறவனுக்குத் தன் யோக்கியதையைக் காப்பாற்றிக்கொள்ளும் கட்டாயம் குறைகிறது. என் கணிப்பில் கிறிஸ்தவ விசுவாசம் தரும் விடுதலையில் பெரிய பங்கு இதுதான். ஆனால் எதை ஒப்புக்கொள்வது என்பதை அந்தப் பழக்கம் சொல்லித்தரவில்லை. அதைக் குவேக்கர்கள், வெஸ்லி, கிளார்க்சன், விடுதலையான அடிமைகள் என்று வெளியிலிருந்து வந்தவர்கள்தான் சொன்னார்கள். தயாராக இல்லாத மனிதரிடம் அவர்கள் சொல்லியிருந்தால் லிவர்பூல் வணிகர்களைப்போல வழக்குப் பேசியிருப்பார். அவர்கள் சொல்லாமலே இருந்திருந்தால் தயாரான மனிதர் பாட்டெழுதிக்கொண்டே செத்திருப்பார்.

இந்தக் கதைக்குத் தஞ்சாவூர் வரை ஒரு கிளை உண்டு. 1790-களில் லண்டனில் பட்டு வணிகத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்த டேனியல் வில்சன் என்ற இளைஞர் ஆத்துமக் கலக்கத்தோடு நியூட்டனிடம் ஆலோசனைக்கு வந்தார். பிற்காலத்தில் அவர் கல்கத்தாவின் பேராயரானார். தென்னிந்தியாவும் அவர் ஆளுகைக்குள் இருந்தது. ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காருவதும், திருவிருந்துப் பாத்திரத்தில் மேல்சாதியார் முதலில் பருகுவதும் அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தன. 1833 ஜூலையில் வில்சன் ஆணை அனுப்பினார்: சாதி வேறுபாட்டைச் சபைக்குள் உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரால் வளர்க்கப்பட்ட கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரே எதிர்த்தரப்பில் நின்றார். அவர்களில் பலர் உண்மையான பக்தர்கள். விக்கிரகத்தை விட்டவர்கள், சொந்தபந்தத்தின் ஏச்சைத் தாங்கியவர்கள். சாதி அவர்கள் பட்டியலில் இல்லை.

தம் இளமையில் வழிகாட்டிய முதியவருக்கு நாற்பது ஆண்டுகள் பிடித்ததை, வில்சன் தஞ்சாவூர்ச் சபையார் ஒரே ஆணையில் முடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். மனம் மாறுவது அப்படி நடப்பதில்லை, இவர் அவசரப்பட்டார் என்று எழுதிய வரலாற்றாசிரியர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாறுகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் நாற்பது ஆண்டுகள் பொறுமையாகத் தெரிகிறது. தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு இறங்கி நூற்றிருபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆலயத்தின் அந்த ஓரத்தில் உட்காரவைக்கப்பட்டவர்கள் அவ்வளவு காலமும் காத்திருந்தார்கள்.